மைனஸ் குளிரில் மரத்துப்போன கால்: இன்சோல் எதில் செய்வது?



தச்சநல்லூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு நீண்ட காலமாகச் சீனி வியாதி. பாதத்தில் உணர்ச்சி பாதிக்கு மேல் போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து, ஆறுவதற்குள் வீடே படாதபாடு பட்டது. அதிலிருந்து எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் அவர் வாசல்படி தாண்டுவதில்லை. மகன் கனடாவில், எட்மண்டன் நகரில் இருக்கிறார். மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம். டிசம்பரில் பெரியவரும் அவர் மனைவியும் புறப்பட வேண்டும்.

"அங்கே செருப்பு ஆகாதாம், பூட்ஸ்தான் போடணுமாம். இந்தச் செருப்பில் இருக்கிற மெத்தையை வெட்டி பூட்ஸுக்குள்ள வச்சுக்கிட்டா போதும்ல?" அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது இப்படிக் கேட்டார்.

போதும் என்றுதான் வாயில் வந்தது. விசாரித்துப் பார்த்தபோது, போதாது என்பது மட்டுமல்ல, சில வகை இன்சோல்கள் குளிரில் நல்லதுக்குப் பதில் கெடுதலே செய்யும் என்று தெரிந்தது. பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி, பெற்றோரைப் பேரப்பிள்ளை பார்க்க அழைக்கும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே நிறைய. விசா, டிக்கெட், மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். காலுக்கு என்ன என்று கடைசி நாள்வரை யாரும் கேட்பதில்லை.

எம்.சி.ஆர். நம் ஊர்ச் சரக்கு

முதலில் இந்த மெத்தை எதற்கு என்று பார்த்துவிடுவோம். கால் மரத்துப்போனவர் நடக்கும்போது, பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுந்தாலும் வலிக்காது. நமக்கு வலித்தால் நடையை மாற்றிக்கொள்வோம், உட்கார்ந்துவிடுவோம். அவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அதே இடத்தில் விழுந்து விழுந்து உள்ளே சதை நைந்து புண்ணாகிறது. இதை விளக்கமாக ஆராய்ந்து சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளின் கை கால்களுக்காக உழைத்தவர். அழுகிப்போவது நோயினால் அல்ல, உணர்ச்சி இல்லாததால் தொடர்ந்து படும் காயத்தினால் என்பதை எடுத்துக்காட்டி, நுண்துளை ரப்பர் என்ற எம்.சி.ஆர். மெத்தை வைத்த செருப்பைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, அதே வழிமுறை சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது. இன்று தமிழ்நாட்டில் சுகர் நோயாளிக்கு டாக்டர் எழுதித்தரும் எம்.சி.ஆர். செருப்புக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. சென்னை ராயபுரத்தில் உள்ள சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்விலும், கடினமான அட்டை இன்சோல் போட்டவர்களைவிட எம்.சி.ஆர்., பாலியூரிதேன் நுரை போன்ற மெத்தைகளைப் பயன்படுத்தியவர்களுக்குப் புதிய புண்கள் மிகவும் குறைவாகவே வந்தன.

ஆக, மெத்தையின் முழுப் பலனும் அதன் மிருதுவில்தான் இருக்கிறது. ஷோர் அளவில் 15-ஐ ஒட்டிய மிருது வேண்டும் என்று சொல்வார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பாதி வரை உள்ளே போய், எடுத்ததும் மெல்ல எழுந்து வர வேண்டும். குளிர் முதலில் கைவைப்பது இந்த மிருதுவில்தான்.

குளிரில் பொருள் மாறுகிறது

தச்சநல்லூரில் மே மாதம் 40 டிகிரி, மார்கழி விடியலில் 20-ஐ ஒட்டி. இந்த எல்லைக்குள் எந்த இன்சோலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் இங்கே செய்பவருக்கும் போடுபவருக்கும் குளிர் பற்றி யோசிக்கவே தேவை வருவதில்லை. எட்மண்டனில் ஜனவரியில் மைனஸ் 10, மைனஸ் 15 என்பது சாதாரண நாள். கடுங்குளிர் வாரங்களில் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும்.

பிளாஸ்டிக், ரப்பர், நுரை எதுவானாலும் குளிரக் குளிர இறுகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் வளையும் தன்மை போய்க் கண்ணாடி போலாகிவிடும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

மிகவும் ஏமாற்றுவது மெமரி ஃபோம். ஆன்லைனில் 'சுகர் நோயாளிகளுக்கு' என்று போட்டு விற்கிறார்கள். கடையில் அழுத்திப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். உடம்புச் சூட்டுக்கு இளகி, பாதத்தின் வடிவை எடுத்துக்கொள்வதற்காகவே அதன் எல்லை அறை வெப்பத்துக்கு அருகில் வைத்துத் தயாரிக்கப்படுகிறது. அதே காரணத்தால் குளிரில் அது பலகை. இரவெல்லாம் காரிலோ வாசல் அறையிலோ கிடந்த பூட்ஸை ஃபஜ்ருக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினால், முதல் கால்மணி நேரம் மரத்தின் மேல் நடப்பதற்குச் சமம். உணர்ச்சி உள்ளவர் "என்ன இது, கல்லு மாதிரி இருக்கு" என்று கழற்றிவிடுவார். மரத்த கால்காரர் நடந்துகொண்டே இருப்பார்.

அடுத்தது ஈ.வி.ஏ. நுரை. ஓட்டக் காலணிகளின் நடுப்பகுதியும், ஹவாய் செருப்பு போல வரும் எடை குறைந்த பல செருப்புகளும் இதுதான். எம்.சி.ஆர். என்ற பெயரில் ஈ.வி.ஏ. ஷீட்டை ஒட்டிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. நம் ஊர் வெயிலில் வித்தியாசம் சட்டென்று தெரியாது. குளிரில் ஈ.வி.ஏ. நன்றாக இறுகும், அதிர்ச்சி தாங்கும் சக்தி குறையும். உடையாது. ஆனால் புண்ணைத் தடுக்க வைத்த மெத்தை அந்த வேலையைச் செய்யாது. நல்ல எம்.சி.ஆர். இதைவிட மேல். இயற்கை ரப்பர் கண்ணாடி போலாவது மைனஸ் 70 டிகிரிக்கு அருகில்தான். அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கும் என்றாலும், மெமரி ஃபோமைப் போல் கைவிட்டுவிடாது.

மேல் அடுக்குக்கு, அதாவது பாதம் நேராகப் படும் அடுக்குக்கு, பாலிஎத்திலீன் நுரை குளிரில் நம்பலாம். ஆர்த்தோட்டிக்ஸ் கூடங்களில் சூடாக்கிப் பாதத்தின் அச்சில் அழுத்தும் மெல்லிய நுரை ஷீட் இதுதான். கடுங்குளிரிலும் வளைந்துகொடுக்கும், தண்ணீர் உறிஞ்சாது. ஒரு குறை, சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு அடியில் எம்.சி.ஆர். அல்லது நல்ல பாலியூரிதேன் வைத்து இரண்டு அடுக்காகச் செய்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்.

ஜெல் இன்சோலில் இரண்டு வகை. உண்மையான சிலிக்கோன் மைனஸ் 50 வரை மிருதுவாகவே இருக்கும். விலை குறைந்த மற்ற ஜெல்கள் இறுகும். எதுவானாலும் ஜெல்லுக்குள் காற்று இல்லை, அதனால் பாதத்தின் சூட்டை அது தரைக்குக் கடத்திவிடும். குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு பரவாயில்லை. பாதம் முழுக்க ஜெல் வேண்டாம்.

பாதத்தின் வளைவைத் தாங்கும் கெட்டியான அடித்தட்டு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பக்கவாதம் வந்து பாதம் தொங்கிப்போனவர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் வெள்ளைத் தாங்கியும் இதே பிளாஸ்டிக்தான். சாதாரண பாலிப்ரொப்பிலீனின் எல்லை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கிறது. உறைகுளிரில் படியில் தடுக்கி ஒரு அடி பட்டால் விரிசல் விடலாம். கணுக்காலருகே வெட்டிய ஓரமும் ஆணி அடித்த இடமும்தான் முதலில் பிளக்கும். தாங்கி உடைந்து பனிக்கட்டித் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கோபாலிமர் பாலிப்ரொப்பிலீன் என்று ஒரு வகை இருக்கிறது, குளிரில் அதிகம் தாங்கும். பாலிஎத்திலீன் அதைவிடவும் தாங்கும், ஆனால் அவ்வளவு விறைப்பு இருக்காது. கார்பன் ஃபைபர் குளிருக்கு அசையாது, விலைதான் அதிகம். அதன் மேல் சூடு காக்கும் அடுக்கு கட்டாயம் வேண்டும். தாங்கி கட்டுபவர்கள் புறப்படுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தனை பெயர்களும் நினைவில் இருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்சோலையோ, செய்பவரிடம் வாங்கிய மாதிரித் துண்டையோ பிளாஸ்டிக் பையில் கட்டி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். நல்ல ஃப்ரீசர் மைனஸ் 18 வரை இறங்கும். காலையில் எடுத்த உடனே கட்டைவிரலால் அழுத்துங்கள், பிறகு மெல்ல வளைத்துப் பாருங்கள். நேற்று போலவே அமுங்கினால் சரி. அமுங்க மறுத்தாலோ மடிப்பில் வெடிப்பு தெரிந்தாலோ அது குளிர்நாட்டுக்கு ஆகாது. எங்கள் தெருப் பெரியவரின் செருப்பு மெத்தையை இப்படி வைத்துப் பார்த்ததில், மேல் அடுக்கு தப்பித்தது. அடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஷீட் சப்பாத்திக் கட்டை போலாகிவிட்டது.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது பூட்ஸின் உட்புறம் மைனஸ் 30-க்குப் போகாது, உடம்புச் சூடு காக்கும். ஆபத்து முதல் சில நிமிடங்களில்தான். ஆகவே பூட்ஸை வீட்டுக்குள்ளே, சூடான பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிகிறது. ஹீட்டர் மேல் வைக்கக் கூடாது, ஒட்டும் பசை விட்டுவிடும்.

சூட்டைக் காப்பது காற்று, கெடுப்பது ஈரம்

குளிர் காலுக்கு ஏறுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். பனித்தரை பாதத்தின் சூட்டை உறிஞ்சுகிறது. அதைத் தடுப்பது இன்சோலுக்குள்ளும் காலுறைக்குள்ளும் அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி, நமுதா என்னும் கம்பளிப் பெல்ட், கார்க், மூடிய துளைகள் உள்ள நுரை எல்லாம் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால்தான் கதகதப்பு. கால்நடைகளில் உங்களுக்குக் குளிர் காக்கும் கதகதப்பு இருக்கிறது என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 5ஆவது வசனம் சொல்வது, கம்பளி இன்சோலைக் கையில் எடுக்கும்போது எனக்கு நினைவுக்கு வரும். எம்.சி.ஆர். மெத்தைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் கம்பளிப் பெல்ட் ஒன்று போட்டால் நல்லது.

ஆனால் அடுக்குமேல் அடுக்கு போட்டு பூட்ஸை இறுக்கிவிட்டால் எல்லாம் வீண். காற்று நசுங்கிப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். சீனி வியாதிக்காரருக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் மந்தம். எனவே பூட்ஸ் அளவு எடுக்கும்போதே இன்சோலையும் கம்பளிக் காலுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூட்ஸை இங்கே வாங்காதீர்கள். குளிர்நாட்டு பூட்ஸ் அங்கேதான் சரியாகக் கிடைக்கும். மாலை நேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, கம்பளிக் காலுறையுடன் தாளில் நிறுத்திப் பாதத்தின் வரைகோட்டை எடுத்து, இன்சோலின் கனத்தையும் எழுதி மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உள்மெத்தையைக் கழற்றி எடுக்கக்கூடிய, ஆழம் கூடுதலான பூட்ஸ் வேண்டும் என்று சொல்லுங்கள். இன்சோலின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்யக் கொஞ்சம் இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

இனி ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையில் நனைந்த இன்சோல் எவ்வளவு விலையானாலும் குளிர்காக்காது. நமக்கு இதில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஒரு நாளைக்குப் பல முறை ஒளூ. அவசரத்தில் ஈரக்காலைக் காலுறைக்குள் விட்டு பூட்ஸ் மாட்டினால், விரலிடுக்கில் தோல் ஊறிப் புண்ணாகும், வெளியே போனால் உறையும். உறைநிலைக்கு மேலே உள்ள குளிரிலும் மணிக்கணக்கில் ஈரமாக இருந்தாலே கால் கெட்டுப்போகும். விரலிடுக்கைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவிய பிறகு அதே இடுக்கைத் துணியால் ஒற்றி எடுப்பதையும் பழக்கமாக்குங்கள். குழாயில் வெந்நீர் வரும் நாடு அது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை நீட்ட வேண்டும்.

இங்கேதான் மஸஹின் சலுகை எவ்வளவு பெரிய அருள் என்று புரிகிறது. முழு ஒளூவுடன் தோல் காலுறை அணிந்தவர், ஊரில் தங்கியிருந்தால் ஒரு பகல் ஒரு இரவு, பயணியானால் மூன்று பகல் மூன்று இரவு வரை காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் பலரும் கேட்டதுதான். குஃப்பு கணுக்காலை மூட வேண்டும், நடக்கத் தாங்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. சாதாரணக் காலுறையின் மேல் மஸஹ் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. புறப்படும் முன் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

இன்சோல் செய்பவருக்கு இந்தச் சங்கதி தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். பூட்ஸின் மேலேயே மஸஹ் செய்துவிட்டு, பள்ளிவாசல் வாசலில் பூட்ஸைக் கழற்றினால் மஸஹ் முறிந்துபோகும். எனவே காலுறை, அதன் மேல் மெல்லிய தோல் குஃப்பு, பிறகு இன்சோல் வைத்த பூட்ஸ் என்ற அமைப்பே வசதி. பள்ளிவாசலில் பூட்ஸ் மட்டும் கழலும், குஃப்பு காலில் இருக்கும். மரத்த கால்காரர் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்ற டாக்டரின் பேச்சும் காப்பாற்றப்படும். ஆனால் பூட்ஸ் அளவு எடுக்கும்போது குஃப்பின் கனத்தையும் சேர்க்காவிட்டால் பூட்ஸ் இறுகிவிடும். மகன் வீட்டில் மாதக்கணக்கில் தங்குபவர் பயணி அல்ல. ஒரு நாளுக்கு ஒருமுறை குஃப்பைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் மனைவியோ மகனோ பாதத்தின் அடியைப் பார்த்துவிடலாம். பயணத்தில் மூன்று நாள் அவகாசம் இருந்தாலும், மரத்த கால்காரர் தினமும் கழற்றிப் பார்க்கட்டும்.

தோல் என்ன தோல்?

நம் குடும்பங்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம். குளிர்நாட்டு பூட்ஸின் உட்புறத்திலும் ஆர்த்தோட்டிக் இன்சோலின் மேல் தோலிலும் பன்றித்தோல் பரவலாகப் பயன்படுகிறது. மலிவு, காற்றோட்டம் உண்டு என்பதால் போடுகிறார்கள். 'அசல் தோல்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் எந்தப் பிராணி என்று தெரியாது. பதனிட்டாலும் அது தூய்மையாகாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலை. ஈரக்கால் படும் இடம் என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. முடித்துளைகள் மூன்று மூன்றாக முக்கோணம் போல் அமைந்திருப்பது பன்றித்தோலின் அடையாளம். தேய்த்து மெருகேற்றிய தோலில் இது மறைந்தும் போகலாம். கடையில் கேளுங்கள், தெளிவான பதில் இல்லையென்றால் துணி அல்லது செயற்கை உட்புறம் உள்ளதை எடுங்கள். இன்சோலுக்கு மேல் தோல் வேண்டுமானால் இங்கேயே ஆட்டுத்தோலில் போட்டுக்கொள்வது நிம்மதி. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் நம்மவர்கள் தலைமுறைகளாகக் கைவைத்த தொழில்தானே.

செய்யக் கூடாதவை

சூடேற்றும் பாக்கெட்டுகளும் பேட்டரி இன்சோல்களும் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். பாசத்தில் பிள்ளைகள் வாங்கிக் கொடுப்பார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்கு அவை வேண்டவே வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது. ஹீட்டர் பக்கம் கால் நீட்டுவதும் அப்படித்தான்.

காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய வாய்ப்பு உண்டு என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. பூட்ஸுக்குள் அவ்வளவு வேகமாக நடக்காது என்றாலும், வெளியே போய்வந்ததும் கழற்றி விரல்களைப் பாருங்கள். வெளிறியோ சாம்பல் பூத்தோ, மெழுகு போல் கெட்டியாகவோ இருந்தால் தேய்க்காதீர்கள். நெருப்பில் காட்டாதீர்கள். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில், உணர்ச்சி உள்ள வேறொருவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, கால் மூழ்க வைத்துவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். காலை நனைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லும் நிலை வந்தால் மார்க்கத்தில் அதற்கும் வழி உண்டு. கடுங்குளிர் இரவில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) தயம்மும் செய்து தொழவைத்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை என்று அபூதாவூதில் வருகிறது. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

எங்கள் பெரியவர் இப்போது இரண்டு ஜோடி இன்சோல் செய்யக் கொடுத்திருக்கிறார். மேலே பாலிஎத்திலீன் நுரை, நடுவில் எம்.சி.ஆர்., அடியில் கம்பளிப் பெல்ட், மேல் தோல் ஆட்டுத்தோல். ஒரு ஜோடி காய, ஒரு ஜோடி காலில். புறப்பட ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் புது மெத்தையை வீட்டுக்குள் தினம் அரைமணி நேரம் போட்டு நடந்து, சிவந்த இடம் தெரிகிறதா என்று மனைவி பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் ஏற்பாடு. 1938இல் கனடாவின் முதல் பள்ளிவாசல் எழுந்த ஊருக்குப் போகிறோம், ஒரு ஜும்ஆவாவது அங்கே தொழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய செருப்பைப் பெட்டியில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் திரும்பி வந்ததும் தச்சநல்லூர் வெயிலுக்குக் கம்பளி ஆகாது, அதுதான் வேண்டும்.